டிரைவைச் சுருக்கியதால் கணினி மெதுவாகிவிட்டதா? கேள்வி பதில்

இடம் போதவில்லை என்று விண்டோஸ் டிரைவைச் சுருக்கிவிட்டு (அதாவது அதிலுள்ள கோப்புகள் குறைந்த இடம் பிடிக்கும்படி 'கம்ப்ரஸ்' செய்துவிட்டு), அப்புறம் வேகம் போய்விட்டதே என்று வருந்துகிறவர்களின் கேள்விகள் இவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்ததைத் திரும்ப மாற்றிவிடலாம். கோப்பு எதுவும் அழியாது.

கேள்வி: சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் 'கம்ப்ரஸ்' என்று இருந்த கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் இழுக்கிறது. ஃபார்மட் செய்ய வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அதே இடத்துக்குப் போய் டிக்கை எடுங்கள், அப்ளை கொடுங்கள். டிரைவுக்கு மட்டுமா, உள்ளே உள்ள ஃபோல்டர்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்தா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் சில கோப்புகளைத் தொட முடியவில்லை என்று செய்தி வரும். விண்டோஸ் அப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்புகள் அவை. 'இக்னோர் ஆல்' கொடுத்துவிட்டுத் தொடரலாம்.

கேள்வி: டிக்கை எடுத்துவிட்டேன். ஆனால் கோப்புகளின் ஐகான் மேல் இரண்டு நீல அம்புகள் அப்படியே இருக்கின்றனவே?

டிரைவுக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் இனி அங்கே உருவாகும் கோப்புகள்தான் சுருங்காமல் இருக்கும், பழையவை மாறாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, சி டிரைவின் மேல்மட்டத்துக்குப் போய், காம்பாக்ட் என்ற கட்டளையை அடியுங்கள். அதற்குப் பின் யு, எஸ், ஏ, ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோடு (/). யு சுருக்கத்தை நீக்கும், எஸ் உள் ஃபோல்டர்களுக்கும் போகும், ஏ மறைந்துள்ள கோப்புகளையும் சேர்க்கும், ஐ பிழை வந்தாலும் நிற்காமல் ஓடும்.

கேள்வி: சுருக்கினால் ஏன் மெதுவாக வேண்டும்? ஜிப் கோப்பு மாதிரிதானே?

ஜிப் கோப்பை நீங்கள் எப்போதாவது ஒருமுறை பிரிப்பீர்கள். இங்கே ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிரிக்கும் வேலை நடக்கிறது. விண்டோஸ் டிரைவில் கோப்புகளைச் சேமிக்கும் முறையான என்டிஎஃப்எஸ், வழக்கமான 4 கேபி கிளஸ்டர் (டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகு) உள்ள டிரைவில் கோப்பை 64 கேபி துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. அந்தத் துண்டுக்குள் சில எழுத்துகளை மாற்றினாலும் துண்டு முழுவதையும் மறுபடி சுருக்கி எழுத வேண்டும். புதிய அளவு பழைய இடத்தில் அடங்காவிட்டால் வேறெங்கோ போய் உட்காரும். இப்படியே கோப்பு சிதறிப்போகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்தச் சிதறல்தான் ஆளைக் கொல்லும். பிரிக்கும் கணக்கைப் ப்ராசசர் சட்டென்று முடித்துவிடும். எஸ்எஸ்டியில் பாதிப்பு அவ்வளவு தெரியாது. அடிக்கடி எழுதப்படும் டேட்டாபேஸ், மெயில் கோப்பு ஆகியவற்றைத்தான் முதலில் விடுவிக்க வேண்டும் என்பேன். எப்போதாவது படிக்கும் பழைய உரைக் கோப்புகள் சுருங்கியே இருந்தாலும் தப்பில்லை.

கேள்வி: நீக்கத் தொடங்கினால் இடம் இல்லை என்று பாதியில் நிற்கிறது. 5 ஜிபிதான் காலி.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விரியும் கோப்புக்கு இடம் வேண்டுமே! ஒரு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 20 ஜிபி, இரண்டாவது 14 என்றால், அதை விரிக்க இன்னும் 6 ஜிபி தேவை. உங்களிடம் அது இல்லை. அதனால் படம், வீடியோவை முதலில் வெளி டிரைவுக்கு மாற்றுங்கள். அவை ஏற்கெனவே சுருங்கிய வடிவத்தில் இருப்பவை. இந்தச் சுருக்கத்தால் அவற்றில் மிச்சமானது ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் நகர்த்தினால் நிறைய இடம் கிடைக்கும். அப்புறம் தேவையற்ற கோப்புகளை நீக்கும் டிஸ்க் கிளீனப்பை ஓட்டுங்கள். அதன் பிறகு முழு டிரைவையும் ஒரே மூச்சில் செய்யாமல் ஃபோல்டர் ஃபோல்டராக விரியுங்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் ஆகும்? நடுவில் நிறுத்தலாமா?

கோப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடலாம். கேன்சல் கொடுத்து நிறுத்தலாம். விரிந்தவை விரிந்தபடியே இருக்கும், மிச்சத்தை நாளைக்குத் தொடரலாம். மின்சாரம் மட்டும் போகக் கூடாது, லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டுவிடுங்கள். முக்கியமானவற்றுக்கு முன்பே ஒரு நகல் எடுத்துவைப்பது நல்லது.

கேள்வி: கணினியைப் போட்டால் 'பூட்எம்ஜிஆர் இஸ் கம்ப்ரஸ்ட்' என்று கருப்புத் திரையில் நிற்கிறது.

விண்டோஸைத் தொடக்கிவைக்கும் கோப்பே சுருங்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் அதைப் பிரித்துப் படிக்க ஆள் இல்லை. பயாஸ் என்ற பழைய தொடக்க முறையில் இயங்கும் கணினிகளில்தான் இது வரும். யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் தொடக்கக் கோப்புகள் ஃபேட்32 என்ற வேறு வகைச் சேமிப்பு முறை உள்ள தனிப் பகுதியில் இருப்பதால் என்டிஎஃப்எஸ் சுருக்கம் அங்கே எட்டாது. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் தொடங்கி, ரிப்பேர் பகுதியில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டுங்கள். சரியாகாவிட்டால் அங்கேயே கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பழைய பூட்எம்ஜிஆரின் பெயரை மாற்றிவிட்டு, பிசிடிபூட் கட்டளையால் புதிய நகலை வைக்க வேண்டும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், எது விண்டோஸ் இருக்கும் டிரைவ் என்று பார்த்துவிட்டு அடியுங்கள். உங்கள் கோப்புகள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன.

கேள்வி: டாஸ்க் மேனேஜரில் மெமரிக்குக் கீழே 'கம்ப்ரஸ்ட்' என்று இருக்கிறதே, அதையும் எடுக்க வேண்டுமா?

அது வேறு. ரேம் நிறையும்போது டிஸ்க்குக்குத் தள்ளாமல் ரேமிலேயே சுருக்கி வைப்பது, வேகத்துக்கு உதவுவது. தொடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் நீக்கிவிட்டேன். இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் என்றால் ஒருமுறை டிஃப்ராக் செய்யுங்கள், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாகச் சேருங்கள். சுருக்கம் போனாலும் அது உண்டாக்கிய சிதறல் தானாகப் போகாது. விரிந்த பிறகு டிரைவ் மறுபடி நிரம்பி வழிகிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் பெரிய டிஸ்க் ஒன்று மாட்டுவதுதான் வழி. மறுபடி அந்த டிக்கைப் போட்டால் திரும்பவும் இதே நிலைதான் வரும்.