சிலந்தியோடு முடிந்துவிடவில்லை அந்தப் பிரசங்கம்

"ஜோனத்தன் எட்வர்ட்ஸின் ‘கோபமுள்ள தேவனின் கைகளில் பாவிகள்’ பிரசங்கம் வெறும் மிரட்டல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எட்வர்ட்ஸ் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர்; நெருப்புக்கு மேல் சிலந்தியைப் பிடித்திருப்பதுபோல் தேவன் பாவியை நரகத்துக்கு மேல் பிடித்திருக்கிறார் என்று அதில் சொல்கிறார். யாரோ மைக்கைப் பிடித்து அந்தச் சிலந்தியைச் சொல்லி உங்களைக் கலங்கடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டத்திலும் அதுதான் நடந்தது. நெருப்புக்கு மேல் சிலந்தியைத் தொங்கவிடுவதுபோல் பிரசங்கியார் இரண்டு விரலை நீட்டி, "இப்ப விட்டுருவார், இப்ப விட்டுருவார்" என்று கத்தினார். ஆறாவது படித்துக்கொண்டிருந்த என் தம்பி அம்மாவின் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் ரொம்ப நாள் ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை.

பின்னால் எம்.ஏ.வில் அமெரிக்க இலக்கியத் தாளுக்காக எட்வர்ட்ஸின் பிரசங்கத்தை முழுசாகப் படித்தேன். அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துப் பகுதியின் என்ஃபீல்டில் 1741 ஜூலை 8 அன்று பேசியது. சிலந்தி உண்டு, "ஏற்றகாலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்" என்ற பைபிளின் உபாகம வசனம் உண்டு. ஆனால் கடைசியில் கிறிஸ்து இரக்கத்தின் கதவை அகலத் திறந்துவைத்து, வாசலில் நின்று பாவிகளைக் கூப்பிடுகிறார் என்கிறார் எட்வர்ட்ஸ். சஃபீல்டில் ஜனங்கள் தினமும் திரளாக வருகிறார்களே, உங்கள் ஆத்துமா மட்டும் என்ன மட்டமா என்று பக்கத்து ஊரை வேறு இழுக்கிறார்.

ஜனங்கள் போட்ட அலறலில் அன்று பிரசங்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே இருந்த போதகர் ஸ்டீபன் வில்லியம்ஸ் இதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்புறம் ஜெபம் செய்துவிட்டு, போதகர்கள் பிரசங்க பீடத்தைவிட்டு இறங்கி ஜனங்களோடு அங்கங்கே பேசினார்களாம். நிறையப் பேர் முகம் தெளிந்துவிட்டது என்கிறார். எங்கள் பிரசங்கியார் காணிக்கை எடுத்ததும் காரில் ஏறிவிட்டார். என் ஆத்திரம் அந்தக் கார் மேல்தான். பயமுறுத்தினவன் கூட இருந்து தேற்றிவிட்டுப் போக வேண்டாமா?

உடனே "எட்வர்ட்ஸுக்கு வக்காலத்தா?" என்று கிளம்பி வராதீர்கள். அடிமைகளை வைத்திருந்தவர் என்று எனக்கும் தெரியும். அவருக்குச் சித்தப்பா முறையான ஜோசப் ஹாவ்லி ஆத்துமக் கலக்கத்தில் 1735இல் தற்கொலை செய்துகொண்டார். பயம் என்ன செய்யும் என்று தெரிந்த பிறகும் இப்படிப் பேசினாரே என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.