உரக்குழி நாறுகிறதா? சருகு எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழக மகளிர் விடுதியின் மெஸ் குழுவில் இருக்கும் முதுகலை மாணவி. பச்சை, நீலத் தொட்டிகள் வைத்து ஒரு பருவம் ஆகிவிட்டது. சமையலறைக்குப் பின்னால் குழி தோண்டி, மிஞ்சிய சோறு, சாம்பார், காய்கறித் தோல் என்று நாளைக்கு 60 கிலோ வரை கொட்டுகிறோம். குழி நாறுகிறது, புழு நெளிகிறது. காப்பாளர் மூடச் சொல்கிறார். 24 மணி நேரத்தில் உரம் தரும் இயந்திரத்தை வாங்கலாமா? பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே வண்டியில்தானே போகிறது என்கிறார்கள் தோழிகள், அது உண்மையா? பேப்பர் கப் எந்தத் தொட்டிக்கு? கோடை விடுமுறையில் குழியை யார் பார்ப்பது?

பதில்: குழியை மூடாதீர்கள். நீங்கள் அதில் போட்டதைவிட, போடாமல் விட்டதுதான் நாற்றத்துக்குக் காரணம். உங்கள் கடிதத்தில் சோறு வருகிறது, சாம்பார் வருகிறது. சருகு என்ற சொல்லே வரவில்லை. நாளைக் காலை வளாகத்தைப் பெருக்கும் நேரத்தில் ஒரு நடை போய், தூங்குமூஞ்சி மரத்தடியிலும் வேம்படியிலும் கூட்டிக் குவித்த இலை எங்கே போகிறது என்று பாருங்கள். மதில் ஓரமாகப் புகை எழுந்தால், உங்கள் உரத்தில் பாதி அங்கேதான் எரிகிறது. இலையை எரிப்பதைத் திடக்கழிவு விதிகள் தடை செய்கின்றன என்பதையும் காப்பாளரிடம் சொல்லி வையுங்கள்.

மக்குகிற பொருள் நாறத்தான் செய்யும் என்பது பலருடைய எண்ணம். அது தவறு. நன்றாக மக்கும் குவியலில் முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனைதான் வர வேண்டும். சோறும் சாம்பாரும் தனியாகக் கிடந்தால் களியாக இறுகிவிடும்; உள்ளே காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து, அழுகிய முட்டை வாடையையும் புளித்த வாடையையும் கிளப்பும். நான் முதன்முதலில் பொறுப்பேற்ற விடுதியில் இந்த வாடையை அடக்குவதாக நினைத்துக் குழிமேல் தார்ப்பாய் போட்டு இறுக்கினோம். இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் நின்றது. பாயைத் திறந்த அன்று இரவு மெஸ்ஸில் பாதிப் பேர் சாப்பிட வரவில்லை.

கணக்கு எளிது. நுண்ணுயிர்களுக்குக் கரிமச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 25-க்கு 1 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் தேவை. சமைத்த உணவிலும் காய்கறித் தோலிலும் தழைச்சத்து மிகுதி, தண்ணீரும் மிகுதி. சருகில் கரிமச்சத்து நிறைய உண்டு, நீர் குறைவு. எனவே ஒரு வாளி உணவுக் கழிவுக்கு மூன்று வாளி சருகு போடுங்கள். மூன்று வாளியா என்று மலைக்க வேண்டாம். சருகு எடையில்லாத சரக்கு. உங்கள் 60 கிலோவுக்கு 20 கிலோ சருகுக்குச் சற்று மேல் தேவைப்படும். தொட்டியில் சேரக் கூடாது என்று நாம் படாதபாடு படுகிற ஈரமும் காய்ந்ததும் குழிக்குள் மட்டும் சேர்ந்தாக வேண்டும்.

சாம்பார், ரசம், மோர் ஆகியவற்றைக் குழியில் ஊற்றவே வேண்டாம். ஓட்டை போட்ட வாளியில் தட்டுக் கழிவை வடித்து, கெட்டியானதை மட்டும் எடுங்கள். அடியில் சருகு, அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு மேற்படாமல் உணவுக் கழிவு, மீண்டும் சருகு. மேற்பரப்பில் சோறு கண்ணில் படக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிவிடுங்கள். ஆழக் குழியில் இதைச் செய்ய முடியாது, அடியில் நீரும் தேங்கும். முடிந்தால் தரைமட்டத்திலேயே, இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய தொட்டியாக மாற்றி, மேலே ஒரு கூரை போடுங்கள். ஐப்பசி மழையில் கூரை இல்லாத தொட்டி குட்டையாகிவிடும்.

ஈரப்பதம் பார்க்கக் கருவி வேண்டாம். புட்டு மாவுப் பதம் தெரிந்தால் போதும்: கைப்பிடியாக அழுத்தினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டினால் சருகு போதவில்லை என்று பொருள். பிடிபடவே இல்லை என்றால் தண்ணீர் தெளியுங்கள். அடுத்து, ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து பிடிக்க முடியாதபடி சுட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது. உள்ளே 55 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சில நாள் நீடித்தால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாகும்.

புழுவைக் கண்டு அலற வேண்டாம். சாம்பல் நிறத்தில், பட்டையாக, விரல் நகத்தைவிடச் சற்று நீளமாக இருந்தால் அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். மெஸ் சாப்பாட்டில் வந்து உட்காரும் ஈ அது இல்லை. கழிவை நம்மைவிட வேகமாகத் தின்றுவிடும். ஆனாலும் புழு பெருகுவது ஈரம் மிஞ்சியதன் அறிகுறி. சருகைக் கூட்டுங்கள், தானாகக் குறையும்.

எலுமிச்சை, வெங்காயம், சமைத்த உணவு எதையும் உரத்தில் போடக் கூடாது என்று யாரோ உங்களுக்குப் பட்டியல் கொடுத்திருப்பார்கள். மாடியில் வைக்கும் சிறு மண்பானைக்கும் மண்புழுத் தொட்டிக்கும் ஏற்ற பட்டியல் அது. நாளைக்கு 60 கிலோ சேரும் சூடான குவியலில் அவை எல்லாம் மக்கும். எலும்பையும் மீன் முள்ளையும் மட்டும் தனியே வையுங்கள்; அவை நாயையும் எலியையும் அழைத்து வரும். பாக்கு மட்டைத் தட்டை உடைத்துப் போடுங்கள். வாழை இலையைக் கிழித்தாவது போடுங்கள், முழு இலை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு காற்றை மறிக்கும். நுண்ணுயிர்க் கலவைகள் உதவும், ஆனால் கட்டாயமில்லை. புளித்த மோரோ சாணக் கரைசலோ போதும். அதைவிட, போன தடவை எடுத்த உரத்தில் இரண்டு கூடையைக் கலப்பது மேல்.

இயந்திரம் பற்றி. 24 மணி நேரத்தில் எந்தக் கழிவும் உரமாவதில்லை. அந்தப் பெட்டிகளில் பலவும் உணவை அரைத்துச் சூடாக்கி உலர்த்துகின்றன. வெளியே வருவது காய்ந்த சோற்றுத்தூள். பார்க்க உரம் போலவே பழுப்பாக இருப்பதால் விற்பவரும் ஏமாறுகிறார், வாங்குபவரும் ஏமாறுகிறார் என்று நல்லெண்ணத்தோடு வைத்துக்கொள்வோம். அதைச் செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் விட்ட இடத்திலிருந்து அழுகத் தொடங்கி வேரைச் சுடும். எப்படியும் சில வாரம் குவித்து முதிர வைத்தாக வேண்டும். அந்தப் பணத்தில் கூரையும், சருகு அரைக்கும் கருவியும், புரட்டுகிற தொழிலாளிக்கு ஓராண்டுச் சம்பளமும் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உப்பை யாரும் யோசிப்பதில்லை. மெஸ் உணவில் உப்பு உண்டு, ஊறுகாய் அதைவிட மோசம். வெறும் தட்டுக் கழிவில் செய்த உரத்தைத் தொட்டிச் செடிக்குப் போட்டு இலை நுனி கருகியதைப் பார்த்திருக்கிறேன். சருகு சேர்ந்தால் உப்பின் செறிவு குறையும். முதல் உரத்தை வேளாண் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பாருங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்கு வைத்திருக்கும் உச்ச அளவு மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ்.

இனி காய்ந்த குப்பைக்கான நீலத் தொட்டி. ஒரே வண்டியில் போவதாலேயே எல்லாம் வீண் என்று சொல்ல முடியாது. தனித்தனிச் சாக்காக ஏற்றினால் இறங்கும் இடத்திலும் தனித்தனிதான். ஒருநாள் வண்டியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அங்கே ஒன்றாகக் கொட்டினால் நிர்வாகத்திடம் கேள்வி கேளுங்கள். நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் நிறுவனங்களைப் பெருங்கழிவு உற்பத்தியாளர் என்று 2016 விதிகளே வகுத்துவிட்டன; பல்கலைக்கழகமும் விடுதியும் அதில் அடக்கம். உங்கள் விடுதியின் 60 கிலோ தனியாக அந்தக் கோட்டைத் தாண்டாது, வளாகம் முழுவதையும் கூட்டினால் தாண்டும். பிரிப்பது குப்பை போடுபவரின் கடமை. தூய்மைப் பணியாளர் பிரித்துக்கொள்வார் என்ற நினைப்பில் தயிர்சாதத்தோடு சேர்த்து வீசிய நோட்டுத்தாளை எந்தப் பழைய பேப்பர் கடையும் வாங்காது.

எது மறுசுழற்சிக்குப் போகும் என்று அறிய அந்தக் கடைக்காரரையே கேளுங்கள். பிளாஸ்டிக்கின் அடியில் இருக்கும் முக்கோணமும் எண்ணும் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்லும். 1988-இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில்துறையே கொண்டுவந்த அடையாளம் அது. தண்ணீர் பாட்டிலையும் ஷாம்பு புட்டியையும் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். தெர்மாகோலைத் தொடமாட்டார், வண்டி நிறைய ஏற்றினாலும் எடை தேறாது. சிப்ஸ் உறை பல அடுக்குப் பிளாஸ்டிக். அது பெரும்பாலும் சிமெண்ட் ஆலை உலையில் எரிபொருளாகிறது, அதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பேப்பர் கப்பின் உட்புறத்தில் பாலிஎத்திலின் பூச்சு இருக்கிறது. குழியில் போட்டால் காகிதம் மக்கி, பூச்சு மட்டும் கண்ணாடித்தாள் போலச் சல்லடையில் வந்து நிற்கும். ஆகவே அதற்குப் பச்சைத் தொட்டியில் இடமில்லை; காய்ந்த குப்பையோடு நீலத்தில் போடுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது என்பதை வளாகத் தேநீர்க் கடைக்காரருக்கு நினைவூட்டி, எவர்சில்வர் டம்ளருக்கு மாறச் சொல்லுங்கள். மக்கும் பை என்று அச்சடித்த பையிலும் இதே சிக்கல்தான். தரச்சான்று பெற்றவைகூட 58 டிகிரி அளவு வெப்பம் நீடிக்கும் பெரிய உர ஆலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பையை உதறிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் குழியில் கொட்டுங்கள். ஏடிஎம் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் பூச்சுத்தாள், அதைக் காகிதத்தோடு சேர்க்க வேண்டாம். நாப்கினைச் சுற்றி, தனித் தொட்டியில்தான் போட வேண்டும். மகளிர் விடுதியில் மூன்றாவது தொட்டி இல்லாவிட்டால் மற்ற இரண்டும் கெடும்.

விடுமுறையைப் பற்றிக் கவலை வேண்டாம், குழிக்கும் ஓய்வு தேவை. விடுதி மூடுவதற்கு இரண்டு வாரம் முன்பே புதிதாகப் போடுவதை நிறுத்தி, ஒருமுறை நன்றாகப் புரட்டி, முழங்கை கனத்துக்குச் சருகு பரப்புங்கள். காவலாளியிடம் சொல்லி வாரம் ஒருமுறை தண்ணீர் தெளிக்கச் செய்தால் போதும். ஜூனில் சலித்து எடுக்கலாம். மாசி, பங்குனியில் இலை கொட்டும்போதே சாக்குகளில் கட்டி, நனையாத இடத்தில் அடுக்கிவிடுங்கள். நீங்கள் திரும்பி வரும்போது மரமெல்லாம் தளிர்த்திருக்கும், தேடினாலும் சருகு கிடைக்காது.