கதைக் காட்டுக்கு எந்த நீதி? – கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் எங்கள் வாசகர் வட்டத்து இளைஞர்கள் சிலர் மாய உலகக் கதைகள் எழுதுகிறார்கள். அவற்றில் வரும் காட்டுக் குடிகளின் புராணத்தையும் வழக்குத் தீர்க்கும் முறையையும் பற்றி அவர்கள் கேட்டவற்றுக்கு, இங்குள்ள பூர்வகுடிகளான செமாய் மக்களின் கிராமங்களுக்கு அருகில் பல காலம் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் விடை தருகிறேன்.

பீடோர் வாசகர்: ஐயா, என் கதையில் குடித்தலைவர் ஒரு திருடனைப் புலிக்கு இரையாக்குகிறார். இது நம்பும்படி இருக்கிறதா?

கதைக்குள் எதுவும் நடக்கலாம். ஆனால் நம் பக்கத்து மலையில் வாழும் செமாய்த் தலைவருக்கு அப்படியொரு அதிகாரம் கிடையாது. பேச வைப்பதே அவருடைய வேலை. சண்டை முற்றினால் அவர் வீட்டில் 'பெச்சாரா' என்னும் வழக்குப் பேசும் சபை கூடும். முதலில் பெரியவர்கள், நாம் அனைவரும் உறவினர், ஒருவரையொருவர் நம்பியே பிழைக்கிறோம் என்று நெடுநேரம் பேசுவார்கள். பிறகு வழக்காளிகள் தம் பக்கத்தை எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் சபையை நோக்கிச் சொல்வார்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்ற களைப்பு வரும்வரை, சில வேளை இரவும் பகலுமாக நாட்கணக்கில் அது நீளும். இறுதியில் தலைவர் இரு தரப்புக்கும் புத்தி சொல்லி, தேவையானால் அபராதம் விதிப்பார். அதன்பின் அந்தப் பேச்சை எவரும் எடுக்கக் கூடாது. நம் தோட்டத்து லயத்தில் கங்காணி வாசலில் நடந்த பஞ்சாயத்தை நினைத்துப் பாருங்கள்: அங்கே இருவரும் விரலை நீட்டிக் கத்தாவிட்டால் அது பஞ்சாயத்தாகவே தோன்றாது.

தாப்பா ரோடு வாசகி: சாபம், தோஷம் போன்றவை சட்டமாக முடியுமா, சார்?

முடியும், அம்மா, இதில்தான் உங்களுக்கு நல்ல கதை கிடைக்கும். பகாங் மாநிலத்தில் கிராவ் காட்டுப் பகுதியில் வாழும் செவோங் என்ற பூர்வகுடி மக்களிடம் 'புனென்' என்ற விதி உண்டு. காட்டிலிருந்து கொண்டுவந்த உணவைப் பகிராமல் உண்டால், பங்கு கிடைக்காதவருக்குப் புலியாலோ பாம்பாலோ தீங்கு வரும். தீமை கஞ்சனைத் தாக்காமல் ஏமாந்தவரைத் தாக்குகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் கஞ்சத்தனம் அங்கே பிறருக்குச் செய்யும் கேடாகக் கருதப்படுகிறது. உணவு கொண்டு வந்தவர் அதை விரலால் தொட்டு, அந்த விரலால் அங்குள்ள ஒவ்வொருவரையும் தொட்டு, 'புனென்' என்று சொல்லிய பிறகே சமையல் நிம்மதியாகத் தொடங்கும். இதைப் போன்ற நம்பிக்கையை மலாய்க்காரர்கள் 'கெம்புனான்' என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

தெலுக் இந்தான் வாசகர்: என் தாத்தா இந்தக் காட்டுக் குடிகளைச் 'சக்காய்' என்றே சொல்வார். கதையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது அடிமை என்ற பொருள் ஏறிய இழிசொல். தாத்தா வாயில் வந்தது பழக்கம். உங்கள் எழுத்தில் வந்தால் அது தேர்வு.

கம்பார் வாசகர்: இவர்களின் வழக்காற்றை அரசு ஏற்றுக்கொண்டதா?

சபாவிலும் சரவாக்கிலும் சுதேசி நீதிமன்றங்கள் உண்டு. தீபகற்பத்தில் ஓராங் அஸ்லி எனப்படும் இந்தப் பூர்வகுடி மக்களுக்கென அப்படி இல்லை, அவர்களுக்கான 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டமும் அதை அமைக்கவில்லை. இருப்பினும் 2002இல் சாகோங் தாசி வழக்கில், ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவினரான தெமுவான் மக்களுக்கு வழக்காற்றின்படி நிலவுரிமை உண்டென்று ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பீடோர் வாசகர், மீண்டும்: ஐயா, குரங்கைப் பார்த்து என் கதாநாயகன் சிரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதை நீக்கிவிடவா?

நீக்காதீர்கள். பத்தேக் என்ற மற்றோர் ஓராங் அஸ்லி மக்களிடம் விலங்கைக் கேலி செய்து சிரிப்பது இடித்தெய்வமான கோபாரைச் சினமூட்டும் குற்றம். இடி நெருங்கினால், தவறு செய்தவர் கத்தியால் காலைக் கீறி, இரத்தத்தை நீரில் கலந்து வானை நோக்கியும் நிலத்திலும் எறிவார். அங்கே சாட்சியோ விசாரணையோ தேவையில்லை, சிரித்தவருக்கே தெரியும். உங்கள் கதாநாயகன் சிரிக்கட்டும். அடுத்த பக்கத்தில் மேகம் கறுக்கும்போது, கத்தியைத் தானாக எடுக்கிறானா, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறானா என்று எழுதுங்கள்.