லோகோஸ் நூலகம் வாங்கலாமா? முதலில் ஒரு வசனத்தை எடுங்கள்

கேள்வி: கிராமத்துச் சபைச் சேகரம் ஒன்றில் குருவாக இருக்கிறேன். இறையியல் பட்டமான பி.டி. படித்தபோது கிரேக்கம் ஓரளவு கற்றேன். லோகோஸ் என்ற வேதாகம ஆய்வு மென்பொருளில் பெரிய நூலகத் தொகுப்பு ஒன்றை வாங்கச் சொல்கிறார் நண்பர். தள்ளுபடி போகவும் லட்ச ரூபாய்க்கு மேல் வருகிறது. தவணையில் கட்டலாமாம். நூற்றுக்கணக்கான புத்தகங்கள் கிடைக்கும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. தள்ளுபடி முடிந்துவிடுமே என்ற பதற்றமும் வேண்டாம், அது திரும்ப வரும். இலவசக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு பிரசங்கத்தைத் தயாரித்துப் பாருங்கள். எங்கே முட்டி நிற்கிறீர்களோ, அங்கே மட்டும் காசு கொடுங்கள்.

ரோமர் 3:25ஐ எடுத்துக்கொள்வோம். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘கிருபாதாரபலி’ என்று வாசிக்கிறோம். கேம்பிரிட்ஜில் உள்ள டிண்டேல் ஹவுஸ் ஆய்வு மையம் இலவசமாகத் தரும் ஸ்டெப் பைபிள் என்ற மென்பொருளில் ஆங்கில வசனத்தைத் திறந்து அந்தச் சொல்லைத் தொட்டால், ‘ஹிலாஸ்டேரியோன்’ என்ற கிரேக்க மூலம் வரும். புதிய ஏற்பாட்டில் அது இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று இது, இன்னொன்று எபிரெயர் 9:5. அங்கே நம் வேதாகமம் ‘கிருபாசனம்’ என்கிறது. மூலத்தில் ஒரே சொல், தமிழில் ஓரிடத்தில் பலி, ஓரிடத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடி! செப்துவஜிந்த் என்னும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் யாத்திராகமம் 25, லேவியராகமம் 16 இரண்டிலும் கிருபாசனத்துக்கு இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. பாவநிவாரண நாளில் இரத்தம் தெளிக்கப்பட்ட இடமாகவே பவுல் கிறிஸ்துவைக் காட்டுகிறாரா? நெட் பைபிள் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு ரோமரிலும் ‘கிருபாசனம்’ என்ற பொருளையே எடுத்து, காரணத்தை அடிக்குறிப்பில் சொல்கிறது. அதையும் காசில்லாமல் வாசிக்கலாம். பைசா செலவில்லாமல் ஒரு பிரசங்கத்துக்கான கரு கையில் வந்துவிட்டது.

முட்டுவது இதற்கு அடுத்த படியில். ஹிலாஸ்டேரியோன் என்றால் அன்றைய கிரேக்கர் காதில் என்ன விழுந்திருக்கும்? இலவசமாகக் கிடைக்கும் தேயரின் கிரேக்க அகராதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளின் வெளிச்சம் அதில் இல்லை. அதற்குப் பாவரின் புதிய ஏற்பாட்டுக் கிரேக்க அகராதியின் 2000ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு வேண்டும். பலியா, கிருபாசனமா என்ற வாதத்தை இரு பக்கமும் எடை போட கிரான்ஃபீல்ட், டக்ளஸ் மூ போன்றவர்களின் ரோமர் விளக்கவுரைகள் வேண்டும். இவை காசு கொடுக்கத் தகுந்தவை. ஆனால் இவற்றைத் தனித்தனியாகவே வாங்கலாம், லோகோஸின் இலவசச் செயலியிலேயே திறக்கலாம். பின்னால் தொகுப்பு வாங்க நேர்ந்தாலும், ஏற்கெனவே உங்களிடம் உள்ள நூல்களுக்கேற்ப விலை குறையும்.

நண்பர் சொல்லும் தொகுப்பின் நூல்பட்டியலை எடுத்துப் பேனாவோடு உட்காருங்கள். மேத்யூ ஹென்றி, கால்வின், கைல்–டெலிட்ச் போன்ற பழைய விளக்கவுரைகள் எல்லாம் காப்புரிமை முடிந்தவை. இ-ஸ்வார்டு போன்ற இலவச மென்பொருள்களில் கிடைக்கும், அடித்துவிடுங்கள். அமெரிக்கச் சபை நிர்வாகம் பற்றியவற்றையும் அடித்துவிடுங்கள். பட்டியலைப் பார்க்கும் முன்பே உங்களுக்குத் தேவைப்பட்டிருந்த நூல்களை மட்டும் விட்டுவைத்து, அவற்றின் தனி விலையைக் கூட்டுங்கள். அந்தத் தொகை தொகுப்பின் விலையை எட்டினால்தான் தொகுப்பு லாபம். பெரும்பாலும் எட்டாது என்பது என் அனுபவம். கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கில நூல்கள் என்பதையும் மறக்காதீர்கள். அதைச் சபைக்குப் புரியும் தமிழாக்குவது உங்கள் சனிக்கிழமை ராத்திரி வேலையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று மனதை உறுத்துவது. நீங்கள் வாங்குவது புத்தகம் அல்ல, பயன்படுத்தும் உரிமம். எங்கள் நூலகத்தில் மறைந்த ஆயர் ஒருவரின் அலமாரி இருக்கிறது. ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதியதை மாணவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். மின்னூல் அப்படித் தானாகக் கைமாறாது. மாற்றிக்கொடுக்க முடியுமா என்று உரிம விதிகளில் முன்கூட்டியே பாருங்கள். நிறுவனங்களும் நிலையானவை அல்ல. பலர் நம்பியிருந்த பைபிள்வொர்க்ஸ் என்ற வேதாகம மென்பொருள் நிறுவனம் 2018 ஜூனில் மூடப்பட்டது. வேர்ட்சர்ச் என்ற இன்னொரு மென்பொருள் 2020இல் லோகோஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கே வாங்கியவர்களின் புத்தகங்களாவது லோகோஸுக்கு மாற்றித் தரப்பட்டன. 2024 முதல் லோகோஸின் உயர்தர வசதிகள் சந்தாவாகிவிட்டன. சந்தா வேறு, புத்தக விலை வேறு. டாலரில் கட்டினால் வங்கிக் கட்டணமும் சேரும்.

எம்.டி.எச். என்னும் இறையியல் மேற்படிப்பில் புதிய ஏற்பாட்டை எடுக்கப்போகிறீர்களா? அப்படியானால் என் பதில் மாறும். நூற்றுக்கணக்கான நூல்களில் ஒரு கிரேக்கச் சொல்லை நொடியில் தேடுவது ஆய்வேடு எழுதுகிறவருக்குப் பெரிய வரம். அப்போது மாணவர் சலுகை கேட்டு வாங்குங்கள்.

சேகர குருவின் சம்பளத்தில் தவணை மட்டும் வேண்டாம் ஐயா. நாலு ஞாயிறு பிரசங்கம் தயாரிக்கும்போது, முட்டிய இடங்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதை எனக்கு அனுப்பினால், முதலில் எந்த ஒரு புத்தகம் வாங்குவது என்று சேர்ந்து பார்ப்போம்.