கேம் போட்டால் கம்ப்யூட்டர் அணைகிறது: பார்மேட் செய்வதா, கார்டை மாற்றுவதா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு 2022-இல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தேன். ஐ5-12400 பிராசசர், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி). போன பொங்கலுக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலம் பாண்டியில் செகண்ட் ஹேண்ட் ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டான். பாடம், யூடியூப் எல்லாம் மணிக்கணக்கில் ஓடுகிறது. கேம் போட்டால் பத்து இருபது நிமிடத்தில் கரண்ட் போனதுபோல் பட்டென்று அணைகிறது. இரவில்தான் அதிகம். உள்ளே பார்த்தால் ‘கெர்னல் பவர் 41’ என்று பதிவாகியிருக்கிறது. கடைக்காரர் ‘கெர்னல் போய்விட்டது’ என்று பார்மேட் செய்தார். சரியாகவில்லை. இப்போது கார்டு போய்விட்டது, போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பொங்கலுக்குக் கார்டு போட்டீர்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றவில்லை. வண்டி அதே வண்டி, மாடு அதே மாடு, மூட்டைதான் இரண்டு மடங்கு.

முதலில் அந்த ‘41’. கெர்னல் என்பது விண்டோஸின் உள்மையம்; 41 அதன் நோயின் பெயர் அல்ல. ‘போன தடவை என்னை ஒழுங்காக ஷட் டவுன் செய்யவில்லை, திடீரென்று அணைந்துவிட்டேன்’ என்று விண்டோஸ் மறுபடி எழுந்ததும் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். நீங்கள் பிளக்கைப் பிடுங்கினாலும் இதே 41 வரும். இதைக் காட்டிக் ‘கெர்னல் போச்சு’ என்று சொல்லி பார்மேட்டுக்குக் காசு வாங்குவது எனக்குத் தெரிந்து பத்து வருடமாக நடக்கிறது. எந்தப் பழுது வந்தாலும் முதல் மருந்து பார்மேட்தான் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டால் அந்த கேமையோ, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ சந்தேகப்படலாம். நீலத் திரை வந்தால் டிரைவர், ராம். எந்தத் திரையும் வராமல் விசிறி உட்பட எல்லாம் ஒரே நொடியில் நின்றால் அது மின்சாரம் அல்லது சூடு. உங்களுடையது மூன்றாவது வகை. விண்டோஸுக்கு அதில் பங்கு இல்லை.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பையனை போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். 450 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதை விடுங்கள். கீழே சின்னக் கட்டத்தில் +12வி என்ற இடத்துக்குக் கீழ் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் ரகங்களில் 18 ஆம்ப் என்று பார்த்திருக்கிறேன். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் வழியில்தான். 3060 கார்டுக்கு 170 வாட், உங்கள் பிராசசர் முழு வேகத்தில் ஓடினால் 117 வாட். இரண்டுக்கே 287 ஆகிவிட்டது. மதர்போர்டு, விசிறி, டிஸ்க் எல்லாம் தனி. இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. யூடியூப் பார்க்கும்போது கார்டு தூங்குகிறது, அதனால் தெரியவில்லை. கேமில் கார்டு விழித்துக்கொண்டதும் சுமை தாங்காமல் எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது.

காசில்லாமல் இதை உறுதி செய்துகொள்ளலாம். அடுத்த முறை அணைந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள். அசையாமல் கிடந்து, சுவரில் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் எழுகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ். தன் பாதுகாப்புக்காகப் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம், எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் ‘பவர் லிமிட்’டை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் எஃப்.பி.எஸ்.ஸை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 60-க்குக் கட்டிப்போட்டு விளையாடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் அணையாமல் ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. கார்டு பிழைத்தது.

சூட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டால் தெரியும். பிராசசர் 100 டிகிரியைத் தொட்டால் தூசி தட்டி, பிராசசர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம் கடல் காற்று வீசும் வீடுகளில் ராம் பின்னில் பச்சை பூத்திருப்பதையும் பார்க்கிறேன். கரண்டை அணைத்துவிட்டு ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் போதும்.

இரவில் ஏன் அதிகம் என்றால், தெருவில் எல்லா ஏ.சி.யும் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது. ஏற்கெனவே திணறும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது இன்னொரு அடி. கூப்பிடு தூரத்தில் நெய்வேலியை வைத்துக்கொண்டு நாம் லோ வோல்டேஜில் வாழ்கிறோம். மின்வாரியத்தின் 1912-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி வையுங்கள். ‘டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டிமேட் போயிருக்கிறது’ என்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்காக 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் அணையும்.

இனி அந்தத் ‘தெரிந்தவர்’. பாண்டியில் வரி கம்மி என்று இன்னும் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போகிறார்கள். ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்தது. அன்றிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்திலும் பாண்டி நேரு வீதியிலும் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு வரி ஒன்றுதான். விலை ‘கம்மி’ என்றால் பில் இல்லை என்று பொருள். பில் இல்லையென்றால் வாரன்டியும் இல்லை. 2022 செப்டம்பரில் கார்டுகளை ஓட்டி எதீரியம் என்ற டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் ‘மைனிங்’ நின்றபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் துடைத்துப் புதுசுபோல் சந்தைக்கு வந்தன. உங்களுடையது அப்படி வந்ததா என்று கார்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொடுத்தவரிடம் முதல் பில்லின் நகலாவது கேட்டு வாங்குங்கள். இதே ஆட்கள் ‘எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எட்டுப் பின் வயர் இல்லையா, கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்’ என்பார்கள். எட்டுப் பின் என்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கார்டுக்கு 150 வாட் போகும் வழி. அதை மெல்லிய ஒற்றை வயரிலிருந்து பிரித்துக் கொடுத்தால் பிளாஸ்டிக் உருகும். உருகியதைக் கையில் பிடித்துப் பார்த்தவன் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். அது உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் பிராசசர் 12-ஆம் தலைமுறை. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் போய் எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவிடக் கூடாது. அவற்றில், முக்கியமாக ஐ7, ஐ9-இல், பிராசசரே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைக் கெடுத்துக்கொள்ளும் கோளாறு இருந்தது. கம்ப்யூட்டர் அணையாது. கேம்தான் கவிழும். ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பொய்யாக ஒரு செய்தி வரும். அதை நம்பி நல்ல கார்டை விற்றவர்கள் உண்டு. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. அது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டாக வரும். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை எந்த அப்டேட்டும் திருப்பித் தராது, மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் பாக்ஸோடு விற்றவற்றுக்கு வாரன்டியை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டினார்கள். பாக்ஸ் இல்லாமல் ‘டிரே’ பிராசசர் வாங்கியவர்கள் விற்றவரிடம்தான் போக வேண்டும். விற்றவர் டீலரைக் காட்டுவார், டீலர் சென்னையைக் காட்டுவார், கூரியர் செலவு நம் தலையில். அலைக்கழித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் பில் வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். 550 அல்லது 650 வாட், ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை உள்ள எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. பில்லோடு நாலாயிரம், ஐயாயிரம் ஆகும். முடிந்தால் பையனின் நண்பனிடம் ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரவல் வாங்கும்போது அதனுடைய வயர்களையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு கம்பெனி வயரை இன்னொரு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகினால் பின் பொருந்தும், மின்சாரம் மாறிப் பாயும், டிஸ்க் போகும். கம்ப்யூட்டர் இன்னும் கடையில்தான் இருக்கிறது என்றால் இன்றைக்கே போய் எடுத்து வந்துவிடுங்கள். வெளியே வருமுன் அதே 3060 உள்ளே இருக்கிறதா என்று கார்டின் சீரியல் எண்ணைப் பையனை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.