எஃப்1-இல் (ஃபார்முலா 1 கார் பந்தயத்தில்) ஒரே டீம் டிரைவர்கள் இருவரில் யார் வேகம் என்று எப்படிக் கணக்கிடுவது?

வியாசர்பாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் கூடி ரேஸ் பார்க்கிறோம், ஒரே டீமின் இரண்டு டிரைவர்களில் யார் பெரியவர் என்ற சண்டையைப் புள்ளிப் பட்டியலை வைத்தே முடிக்கிறோம், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. புள்ளிப் பட்டியலைக் கடைசியாகப் பாருங்கள்.

1984-இல் மெக்லாரனில் நிக்கி லவுடாவும் அலைன் ப்ராஸ்ட்டும் இருந்தார்கள். 16 ரேஸில் 15 முறை குவாலிஃபையிங்கில், அதாவது ரேஸில் யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவு செய்யும் சுற்றில், ப்ராஸ்ட்தான் முன்னால். வெற்றியும் அவருக்கு 7, லவுடாவுக்கு 5. ஆனால் 72-க்கு 71.5 என்று அரைப் புள்ளியில் பட்டம் லவுடாவுக்குப் போனது. மொனாக்கோ ரேஸை மழையால் பாதியில் நிறுத்தியதால், ஜெயித்த ப்ராஸ்ட்டுக்கு 9-க்குப் பதில் 4.5 புள்ளிதான் கிடைத்தது. முழு ரேஸும் ஓடி அவர் இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 வந்திருக்கும்!

நம்ம நரேன் கார்த்திகேயன் கணக்கும் அப்படித்தான். 2005-இல் ஜோர்டானில் அவருக்கு 5 புள்ளி, டியாகோ மான்டீரோவுக்கு 7. இந்த 12-இல் 11 புள்ளி இண்டியானாபோலிஸில் வந்தவை. மிஷெலின் டயர் டீம்கள் எல்லாம் விலகி, வெறும் 6 கார்கள் ஓடிய ரேஸ் அது. இதை வைத்து இருவரில் யார் வேகம் என்று எதையும் சொல்ல முடியாது.

சரியான இடம் சனிக்கிழமை குவாலிஃபையிங். அது க்யூ1, க்யூ2, க்யூ3 என்று மூன்று கட்டம், ஒவ்வொன்றிலும் மெதுவானவர்கள் வெளியேறுவார்கள். இருவரும் சேர்ந்து ஓடிய கடைசிக் கட்டத்தின் நேரத்தை மட்டும் எடுங்கள். ஒருவர் க்யூ2-இல் வெளியேறினால் இருவரின் க்யூ2 நேரத்தைத்தான் ஒப்பிட வேண்டும். மற்றவரின் க்யூ3 நேரத்தைத் தொடக்கூடாது. கேரமில் பவுடர் போடுவதற்கு முன்பும் பின்பும் போர்டு ஒன்றாக இருக்குமா? டிராக்கும் அப்படித்தான், ரப்பர் படியப் படியப் பிடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஸ்டார்ட்டிங் கிரிட்டை (கிளம்பும் வரிசையை) பார்த்து எழுதுவதும் தவறு, பெனால்ட்டி வாங்கியவர் பின்னால் நிற்பார்.

வித்தியாசத்தைச் சதவீதமாக மாற்றுங்கள். 80 வினாடி லேப்பில் (டிராக்கை ஒரு முறை சுற்றுவதில்) 0.160 வினாடி என்றால் 0.2%. அதே 0.2%, 65 வினாடி லேப்பில் 0.130 ஆகிவிடும். விநாடியாகவே கூட்டினால் நீளமான டிராக்குகள் கணக்கை இழுத்துவிடும். அடுத்தது, சராசரி எடுக்காதீர்கள். உதாரணத்துக்கு ஐந்து வாரம் வித்தியாசம் சதவீதத்தில் -0.05 (அந்த வாரம் மற்றவர் வேகம்), 0.10, 0.15, 0.20, 1.10 என்று வந்தால் சராசரி 0.30. அந்த 1.10 மஞ்சள் கொடியில் (ஆபத்து, மெதுவாகப் போ என்ற எச்சரிக்கையில்) கெட்ட லேப்பாக இருக்கலாம். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் 0.15-ஐ எடுங்கள், அதுதான் உண்மைக்குப் பக்கம். மழை வந்த செஷன், கார் கோளாறு, புது ஃப்ளோரோ விங்கோ ஒருவருக்கு மட்டும் கொடுத்த வாரம், இவற்றை நீக்கிவிடுங்கள்.

சனிக்கிழமையோடு முடியாது. லவுடா அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்காகத்தான் காரைத் தயார் செய்தார், அதற்கான மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் ரேஸில் முடிவு இடைவெளி ஏமாற்றும். முன்னால் ஓடுபவருக்குத்தான் பெரும்பாலும் முதலில் பிட்டுக்குள் போய் டயர் மாற்றும் வாய்ப்பு கிடைக்கும். இரண்டாமவர் தேய்ந்த டயரில் இரண்டு லேப் கூடுதலாக ஓடி 2, 3 வினாடி இழப்பார். ஆகவே லேப் நேரத்துக்கே போங்கள். முதல் லேப், பிட்டுக்குள் போன லேப், வெளியே வந்த லேப், விபத்து நேரத்தில் எல்லாரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் லேப் எல்லாம் கழியுங்கள். முன்னால் 2 வினாடிக்குள் வேறு கார் இருந்த லேப்பையும் கழியுங்கள், அந்தக் காற்றில் டயர் சூடேறி வேகம் போகும். மிச்சத்தில் ஒரே ரக டயர், ஒரே வயசு, ஒரே லேப் எண்ணாகப் பார்த்து ஒப்பிடுங்கள். 10 கிலோ எரிபொருள் கூடினால் லேப்புக்குச் சுமார் 0.3 வினாடி போகும். 10-ஆவது லேப்பை 40-ஆவது லேப்போடு வைத்தால் எடை வித்தியாசமே கணக்கை விழுங்கிவிடும்.

இன்னொன்று: “அவர் இவரை ஜெயித்தார், இவர் அவரை ஜெயித்தார், அதனால்...” என்று சங்கிலி கோர்க்காதீர்கள். நாலு முறை சாம்பியனான வெட்டலை 2014-இல் ரெட் புல் டீமில் ரிக்கார்டோ 238-க்கு 167 புள்ளி என்று வென்றார். அதே ரிக்கார்டோ 2022-இல் மெக்லாரனில் நாரிஸிடம் 122-க்கு 37 என்று தோற்றார். பிரேக்கைத் தளர்த்தி வளைவுக்குள் நுழையும் அந்தக் கட்டம் மெக்லாரனில் கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை. இதை வைத்து நாரிஸ் வெட்டலை எத்தனை வினாடியில் வெல்வார் என்று கணக்குப் போட்டால், அதில் மெக்லாரனின் பிரேக்கும் சேர்ந்து கூட்டப்பட்டிருக்கும்.