180 லிட்டர் எங்கே போகிறது?

கேள்வி: சிறுநீரகம் தினமும் 180 லிட்டர் வடிகட்டுவதாகப் படித்தேன். நாம் கழிப்பதோ ஒன்றரை லிட்டர். மீதி என்ன ஆகிறது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ரத்தத்துக்கே திரும்புகிறது. உடலில் இருக்கும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, சுமார் 3 லிட்டர்தான். அதுவே நாளுக்கு 60 தடவை வடிகிறது. சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டி அலகுகள். நெஃப்ரானின் தலையில் குளோமருலஸ் என்ற தந்துகி (மிக நுண்ணிய ரத்தக்குழாய்) முடிச்சு, அதைச் சுற்றிப் பௌமானின் கிண்ணம். ரத்த அழுத்தம் தள்ள, நீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் கிண்ணத்தில் இறங்கும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் இறங்காது. அந்தச் சல்லடைக்கு அளவு தெரியுமே தவிர, வேண்டியது வேண்டாதது தெரியாது. அதைப் பார்ப்பது பின்னால் வரும் நுண்குழல். என்னைக் கேட்டால், சிறுநீரகத்தின் பெரிய வேலை வடிகட்டுவதல்ல, மீட்பதுதான்.

நுண்குழலின் முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழல் மட்டுமே நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிடும். குளுக்கோஸை அநேகமாக முழுவதும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மி.கி. அளவைத் தாண்டினால் நுண்குழலால் சமாளிக்க முடியாது. மிஞ்சிய சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் போவது இதனால்தான்.

அடுத்தது ஹென்லே வளைவு. அதன் ஏறு குழல் தண்ணீரை விடாமல் உப்பை மட்டும் வெளியே இறைக்கும். இதனால் சிறுநீரகத்தின் உட்பகுதி ரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை செறிவாகிறது. கடைசியில் வரும் சேகரிப்பு நாளம் இறங்குவது இந்த உப்புக் காட்டின் வழியேதான். உடலில் நீர் குறைந்தால் ஏடிஹெச் ஹார்மோன் சுரந்து நாளத்தின் நீர்வாயில்களைத் திறக்கும். தண்ணீர் உப்புப் பக்கம் போய்விடும், சிறுநீர் அடர்மஞ்சளாகும். பொட்டாசியத்தை எவ்வளவு கழிப்பது என்பதும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் முடிவாகிறது.

கேள்வி: எனக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிரியாட்டினின் 1.0 தான். பிறகு எதற்குச் சிறுநீரில் அல்புமின் பரிசோதனை?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு; ரத்தத்தில் அதன் அளவு பழுதைத் தாமதமாகத்தான் காட்டிக்கொடுக்கும், அம்மா. அழிந்த நெஃப்ரான் மீண்டும் முளைக்காது. மிஞ்சியவை சுமையை ஏற்பதால் வடிதிறன் பாதியாகும் வரைகூட அந்த எண் இயல்பாக நிற்கலாம். ரத்தப் புரதமான அல்புமினோ சல்லடை பழுதாகத் தொடங்கும்போதே கசியும். காலை முதல் சிறுநீரைக் கொடுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் மீண்டும் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது கொடுக்காதீர்கள், பொய்யாக உயரும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையை நீங்களே வாங்கிப் போடுவதையும் தவிருங்கள். குளோமருலஸுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனியை அது சுருக்கிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு நாட்களில் போட்டால் நுண்குழலே சேதமாகலாம்.